சகனில் என் பங்கு

மார்ச் கடைசியில் அறுபத்தெட்டு கிலோ
என்றது செயலி.
கோடு போட்டும் காட்டியது,
கீழக்கரைப் பாலத்துப் படிக்கட்டு மாதிரி
சீராகக் கடலுக்குள் இறங்கியது.
அந்தப் படியில் பாசி வழுக்கும்
என்பது அதற்குத் தெரியாது.

தொதலும் தெரியாது.
அல்வா என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது.
ஊளி மீன் ஆணத்துக்கு
'மீன் குழம்பு, ஒரு கிண்ணம்'.
யார் வீட்டுக் கிண்ணம்?

முபீனா மகள் கல்யாணக் களரியில்
ஒரு சகனைச் சுற்றி நாலு பேர்.
ஜுனைதா மாமி கறியை
என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்,
நானும் அவர் பக்கம் தள்ளினேன்.
எத்தனை கிராம், கேட்டது செயலி.
நாலால் வகுத்தேன்.
மாமிக்குச் சர்க்கரை முந்நூறாம்,
அன்று பிசைந்ததோடு சரி என்று
பிறகு யாரோ சொன்னார்கள்.

ஏப்ரல் ஒன்று.
எழுபத்தொன்று புள்ளி நாலு.

மீன் ஏலத்தில் ஐஸ் தண்ணீருக்கென்று
கிலோவுக்கு நூறு கிராம் கழிப்பார் என் வீட்டுக்காரர்,
எவரும் சண்டை பிடிப்பதில்லை.
நான் யாரிடம் போய்க் கழிக்கச் சொல்ல?
மூன்று கிலோ நானூறு.
அதில் மாமி பங்கு எவ்வளவோ.

நாளைக்கும் ஒரு களரி.
போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்,
ஆனால் பெண்ணைப் படம் எடுக்க வேண்டும்.