நீலம் போன இடம்

ஞாயிறு கடை பூட்டு.
கிழமை முழுக்க நான் கலக்கிக் கொடுத்த நிறமெல்லாம்
எங்கே போய் ஒட்டிக்கொண்டதென்று பார்க்க
லுமாலாவை எடுத்தேன்.
பின் ரயருக்குக் காற்றுக் காணாது.
போகுமட்டும் போகட்டும்.

ஸ்ரான்லி வீதிப் பெயின்ற் கடையில் ஆறு வருடம்.
என் நகத்தைப் பார்த்தால்
அன்றைய வியாபாரம் தெரியும்.
கோயில் மதிலுக்குக் காவி, நத்தாருக்கு வெள்ளை,
கலியாண வீட்டுக்காரருக்குப்
பெயர் சொல்லத் தெரியாத ஒரு றோஸ்.

மாசியில் வந்தார்கள் றெக்சனும் பவிஷாவும்.
"அக்கா, கடல் நீலம் வேண்டாம்.
ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிற மீன்ர
முதுகு நீலம்."

மூன்று தரம் கலக்கினேன்.
மூன்று தரமும் பவிஷா தலையை ஆட்டினாள்.
பிறகு ஓடிப்போய்
தெருவால் போன மீன்காரரை மறித்து
ஒரு சூரையை வாலில் தூக்கி
வெயிலில் பிடித்துக் காட்டினாள்.
கறுப்பு ஒரு துளி. பச்சை அரைத் துளி.
வந்தது.
நாலு லீற்றர். பாதிக் காசு.
மிச்சம் கடன் கொப்பியில்.

கந்தர்மடத்து முதல் ஒழுங்கையில்
மாட்டுவண்டி, ஒற்றைப் பனை, மறையும் சூரியன்.
ஊருக்கு வந்து படம் எடுத்துப் போகிறவர்களுக்கானது.
மாட்டின் நாலாவது காலை
மின்கம்பம் வைத்திருக்கிறது.
மிதித்தேன்.

அடுத்த முடக்கில்
ரியூசன் விளம்பரத்துக்கு மேல் ஒரு வௌவால்.
இரசாயனவியல் சேரின் தொலைபேசி இலக்கம்
செட்டைக்குள்ளால் இன்னும் தெரிகிறது.
வேண்டுமானால் வௌவாலைக் கூப்பிடலாம்.

மோட்டார் சைக்கிளில் போனால்
மதில் முழுக்க ஒரே நிறம்.
நடந்தால் நாய்.
சைக்கிளில்தான்
கண் ஒரு பக்கமும் காண்டில் ஒரு பக்கமுமாக
எதிரே வருகிற தண்ணீர் வாளிக்கு
பெல் அடித்துக்கொண்டு பார்க்கலாம்.

ஒரு மதிலுக்குப் பட்டி விற்றது ஞாபகம்,
இரண்டு கிலோ.
பழைய துளைகளை அடைத்திருக்கிறார்கள்.
மேலே ஒன்றும் வரையவில்லை.
அம்மை மாறின முகம் மாதிரி
சாம்பல் புள்ளி, சாம்பல் புள்ளி.
நான் இறங்கவில்லை.
பெடலில் ஒரு கால், நிலத்தில் ஒரு கால்,
அவ்வளவு நேரம்.

குருநகரில் வெயில் ஏறிவிட்டது.
வலை காயும் ஒழுங்கை,
ஒரு சைக்கிளும் ஒரு ஆளும்
ஒருவரையொருவர் விலத்த முடியாத அகலம்.
அங்கே இருந்தது என் நீலம்.
இரண்டு வீட்டு மதிலுக்கு ஒரே பேய்க்கணவாய்.
இல்லை,
அரைக் கணவாய்.
பற்றிமா அக்காவின் மதிலில் நாலு கையும் ஒரு கண்ணும்.
எல்லைத் தூணோடு வெட்டினமாதிரி நின்று
மறுபக்கம் வெள்ளை.

அந்த வெள்ளையையும் எனக்குத் தெரியும்.
வியாழக்கிழமை, பத்து லீற்றர்,
ஓய்வுபெற்ற தபாலதிபர்.
"மகளின்ர கலியாணம், மதில் ஊத்தை" என்றார்.
வாளியை அவர் காரியரில்
கயிறு போட்டுக் கட்டினவள் நான்.

பற்றிமா அக்கா வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.
"என்ன சாமானெண்டு எனக்கு விளங்கேல்ல, பிள்ளை.
ஆனா உயிருள்ளதை
அரைவாசியில விடுறதே?"

கிட்டப் போய்ப் பார்த்தேன்.
தபாலதிபர் சிக்கனக்காரர்.
ஒரு பூச்சு.
நண்பகல் வெளிச்சம் சரிவாய் விழ
வெள்ளைக்கு அடியில் மற்ற நாலு கையும்
தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கிடந்தன.
கடுநீலத்துக்கு ஒரு பூச்சுக் காணாது.
முதலில் அடிப்பூச்சு, பிறகு இரண்டு தரம்.
கேட்கிற எல்லாருக்கும் சொல்லுவேன்.
அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.
மறந்தேனா என்று கேட்டால்
கயிறு கட்டுவதில் கவனமாய் இருந்தேன் என்பேன்.

வலைக்குப் பின்னால் ஒரு தலை.
றெக்சன்.
கையில் வெறும் ரின்,
முகத்தில் கடன் கொப்பி.
"அக்கா, மிச்சக் காசு வாற கிழமை..."

"அதைவிடு," என்றேன்.
"காற்றடிக்கப் பம் இருக்கா?"