இருபத்தொன்பதாம் மாலை

கணக்கு நேற்றிரவே முடிந்துவிட்டது.
கொழும்பில் சூரியன் மறைவது ஆறு இருபத்திரண்டு.
சந்திரன் மறைவது ஆறு நாற்பத்தொன்று.
பத்தொன்பது நிமிடம் பிந்தி,
ஆறு பாகை தள்ளி.
அத்தனை நெருக்கத்தில் பிறைக்குத்
தன் விளிம்பை ஒளியாய்த் திரட்ட முடியாது.
கடதாசியை நாலாய் மடித்து
ஹில்மி மச்சானின் சட்டைப் பையில் வைத்தேன்.
பிறைக் கூட்டத்தில் எட்டு வருடமாய்
ஓர் ஓரக் கதிரை அவருக்கு.

"காட்டுறேன் மதினி. ஆனா
அவங்க கேக்கிறது ஒரே கேள்விதான்:
கண்டது யாரு?"

கொம்பனித்தெருவில் அன்று யாருக்கும் பொறுமையில்லை.
கீழ்வீட்டு றிஸ்மியாவிடம் இன்னும் பதினொரு சட்டை,
பொத்தான் இல்லாமல்.
பெருநாள் நாளைக்கா மறுநாளா என்று
என்னிடம் வந்து நிற்கிறாள்,
பல்வலிக்கு மாத்திரை கேட்பவள்போல்.
"மறுநாள்தான். ஆறுதலாத் தைங்க."
"பிறை காணல்லையா?"
"காண ஏலா."
"பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.
பார்க்க என்ன இருக்கிறது?

ஆனால் அந்தக் கேள்வி
என்னோடு படியேறி மொட்டைமாடிக்கு வந்துவிட்டது.
ஆய்வுகூடத்தில் பிள்ளைகளை நான் ஏசுவது இப்படித்தான்:
ஊசல் ஆடுமுன்னே விடை எழுதினால்
கொப்பியைக் கிழிப்பேன்.
கண்டதை எழுது.
இத்தனை வருடத்தில் ஓர் இருபத்தொன்பதாம் மாலைகூட
நான் மேலே ஏறியதில்லை.

தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி முப்பது பேர்,
பேரீச்சங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி.
மேற்கு என்பது இப்போது
இரண்டு ஹோட்டல்களுக்கு நடுவே
ஒரு புடவை அகலக் கடல்.
அதற்குள்ளும் ஒரு பாரந்தூக்கி கழுத்தை நீட்டியிருந்தது.
"அந்தா!" என்றான் ஒரு பொடியன்.
கட்டுநாயக்காவுக்கு இறங்கும் விமானம்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
ஆனால் என் கண்ணும் ஒருகணம் அங்கே ஓடியது,
வெட்கமில்லாமல்.

ஏழரைக்கு மச்சானின் அழைப்பு.
பேசவில்லை; கேள் என்று திறந்து வைத்திருந்தார்.
கற்பிட்டியில் தோணிக்காரர் ஒருவர் கண்டாராம்.
ஒவ்வொருவராய் அவரைக் குடைந்தார்கள்:
கொம்பு எந்தப் பக்கம்?
சூரியன் விழுந்த இடத்துக்கு வலமா, இடமா?
எத்தனை விரல் உயரம்?
கண்ணை மூடித் திறந்து இன்னொருக்கா பார்த்தீரா?
கூட நின்றது யார், அவர் ஏன் காணவில்லை?
என் செய்முறைப் பரீட்சையில்
நான் யாரையும் இப்படிப் பிழிந்ததில்லை.
"ஏழு மணி மட்டும் நிண்டிச்சு" என்றார் தோணிக்காரர்.
கடதாசி விரிபடும் சத்தம் கேட்டது.
அல்லது விசிறியின் சத்தமாயிருக்கலாம்.

பிறகு ஒரு கரகரத்த குரல்:
"அந்த மனுசன் பொய் சொல்லல்ல.
என்னத்தையோ கண்டிருக்கார்."
தொடர்பு அறுந்தது.

ஒன்பது நாற்பதுக்கு வானொலி சொன்னது:
பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது.
என் பாகைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சரியாகச் சொன்னவளுக்குத் தூக்கம் வந்திருக்கவேண்டும்.
வரவில்லை.
அந்தப் பத்தொன்பது நிமிடமும் அது அங்கேதான் நின்றது,
பாரந்தூக்கிக்குச் சற்று மேலே,
எங்களுக்கு இருட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு.
முப்பது பேரும் காணவில்லை என்றார்கள்;
கண்ணுக்கு உண்மையாய் இருந்தார்கள்.
காணாமலே, இருக்கிறது என்று
சத்தியம் செய்யக்கூடியவள்
அந்த மாடியில் நான் ஒருத்தி.

இதை மச்சானிடம் சொல்லமாட்டேன்.
சிரிப்பார். அதற்கொரு பெயரும் வைப்பார்.

கீழே றிஸ்மியாவின் மெஷின் நின்றுவிட்டது.
ஸஹருக்கு நாலு மணி வைத்தேன்.
கொப்பியில் திகதி போட்டு எழுதினேன்:
மேகம் கொஞ்சம். காணவில்லை.
'இல்லை' என்று தொடங்கியிருந்த சொல்லை
ஒரு கோட்டால் வெட்டினேன்.