ஏழாவது அடி

சங்ககிரி ரோட்டில், லேத் பட்டறைக்குப் பின்னால்
கம்ப்ரசர் கழற்றிப்போட்ட ஷெட்டு எங்களுடையது.
வாடகை ஆயிரத்து இருநூறு. கரண்ட் தனி.
முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டியும்
எதிர்வீட்டு அக்கா ஞாயிறு தவறாமல் கேட்பார்:
"ஏனுங் தம்பி, மிசின் இன்னும் ரிப்பேர் ஆவுலீங்களா?"

மூன்று பேர்.
ரோஸ்லின் கிட்டார். ராசிபுரத்து விடுதிப் பள்ளியில்
விடிகாலை ஐந்து மணிக்கே தொகைநுண்கணிதம் எடுப்பவள்.
அர்த்தநாரி டிரம்ஸ். வருசத்தில் எட்டு மாதம்
ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவான்.
நான் பேஸ். பகலில் பட்டன் பிட், சுத்தியல், ஓ-ரிங் விற்கிறேன்.

யாரும் சொல்லித் தரவில்லை.
ஈரோட்டுப் பழைய இரும்புக் கடையில்
கிலோக் கணக்கில் வாங்கிய கேசட்டுகள்தான்.
லேபிள் உரிந்தவை. யார் பாடியது, எந்த ஊர், தெரியாது.
இருபது நிமிசப் பாட்டுகள்.
ஆர்கன் மேகம் கூட்டும், கிட்டார் கிழிக்கும்,
நாலில் போன தாளம் சொல்லாமல் ஏழுக்குத் திரும்பும்,
சரியாக அந்த உச்சத்தில்
டக்கென்று டேப் தீர்ந்துவிடும்.

ஆகவே எங்களுக்குத் தொடங்கத் தெரியும்.
திருப்பத் தெரியும்.
முடிக்கத் தெரியாது.

அப்புறமேட்டுக்கு, போனை நீட்டினால்
பாட்டின் பேர் சொல்லும் காலம் வந்தது.
ஒவ்வொன்றாக மிச்சத்தைக் கேட்டோம்.
பாதிக்கு மேல் சத்தம் தேய்ந்து தேய்ந்து
காணாமல் போயின.
"பந்தியில சொல்லாம கழண்டுக்கற சொந்தக்காரனாட்ட"
என்றான் அர்த்தநாரி.
பதினோரு வருசம் காத்திருந்தது இதுக்குத்தானா.

எங்கள் பாட்டு பதினெட்டு நிமிசம்.
நோட்டில் 'போர்' என்று எழுதியிருக்கும்.
வெளியூர்க்காரர் யுத்தம் என்பார்கள்.
எங்களுக்கு அது தண்ணீர்.
ஒரு பாகம் ஒரு ராடு, இருபதடி.
செம்மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும்,
சுக்கான் கல்லில் திக்கும்,
கரும்பாறை வந்தால் மூவரும் ஆளுக்கொரு கணக்கில் அடித்து
எங்கோ ஓரிடத்தில் சேருவோம். சில நாள் சேர மாட்டோம்.

காலேஜ் விழா ஒன்றில் ஆறாவது நிமிசம்
ஒரு பையன் மேடையேறி,
"அண்ணா, ஆடற மாதிரி ஒண்ணு" என்றான்.
"நாலும் மூணும் ஏழு, ஆடு" என்றாள் ரோஸ்லின்.
ஆடினான். விழுந்தான்.
அன்றைக்குக் கைதட்டல் முழுக்க அவனுக்கு.

மாசியில் ஒரு ராத்திரி, ஒன்றரை மணி.
சத்தீஸ்கரில் ஏதோ காட்டிலிருந்து
எங்கள் இருவரையும் லைனில் போட்டு
"கேளுங்க" என்று போனைத் தூக்கிப் பிடித்தான்.
சுத்தியல் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
அறுநூற்று எண்பது. எழுநூறு. எழுநூற்று இருபது.
முப்பத்தாறு ராடும் போயாச்சு.
வெறும் புகை.
ஒரு பெண் அவள் பாசையில் என்னமோ கேட்டாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
கம்ப்ரசரை நிறுத்தினார்கள்.

அந்த நிறுத்தம்.
சத்தம் போன பின்னும் காது
தன் பாட்டுக்கு இன்னோர் அடி எதிர்பார்த்து நின்றது.
ராசிபுரத்தில் ரோஸ்லினின் விரல்
மேசையில் எண்ணுவது கேட்டது:
ஐந்து,
ஆறு.
பிறகு தட்டவில்லை.

ஆனி மழைக்கு ரிக் ஊர் திரும்பியது.
ஆடியில் முகூர்த்தமில்லை, மண்டபம் சல்லிசு.
வந்தவர்கள் பதினான்கு பேர்,
வாட்ச்மேனையும், டிவிஎஸ்ஸில் வந்த
எதிர்வீட்டு அக்காவையும் சேர்த்து.
பதினெட்டாவது நிமிசம், ஆறில்
மூவரும் கையெடுத்தோம்.
ஆம்ப்ளிஃபையர் உம்மென்றது.
சமையற்கட்டில் ஓர் அண்டா
கொஞ்சம் அதிர்ந்து அடங்கியது.
தட்டப் போன கை ஒன்று அந்தரத்தில் நின்றது.

"நின்னு போச்சுங்களா?" என்றார் அக்கா.

அர்த்தநாரி குச்சிகளைத் தொடைமேல் வைத்தான்.
"தண்ணி இல்லீங்க்கா."

அவர் மண்டபத்தை ஒருமுறை
மேலும் கீழும் பார்த்தார்.
"செரி உடுங்,
வேற பாயிண்டு பாக்கலாம்."