கடைசித் தேதி

லாஸ்பேட்டை சுகாதார நிலையம்.
மின்விசிறி திரும்பும்போதெல்லாம்
மேஜையில் என் ஓ.பி. சீட்டு
எழுந்து எழுந்து உட்காருகிறது.

எடை நாற்பத்தொன்று,
செருப்போடு.

"காலையில என்ன?"
பஸ், என்றேன் வாய் தவறி.
பிறகு ஒழுங்காகச் சொன்னேன்:
பதினோரு மணிக்கு டீ,
மத்தியானம் பவதாரணி
ஒதுக்கிவைத்த முட்டைமஞ்சள்,
ராத்திரி மஞ்சக்குப்பம் கடையில்
பில் போட்டபடியே ஒரு பன்.

"தூக்கம்?"
கடலூர் பஸ்ஸில்
கிருமாம்பாக்கத்தில் கண்ணை மூடினால்
தவளக்குப்பம் வரைக்கும்.

"கடைசித் தேதி எப்போ?"
"பதினஞ்சு, சிஸ்டர். ஃபைனோட இருபது."

பேனா நின்றது.
"ஃபீஸ் இல்லம்மா. உன் தேதி."

என் தேதி.
வீட்டுக் காலண்டரை மனசுக்குள் புரட்டினேன்.
ஆடியில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது.
அது சிலிண்டர் வந்த நாள்.

இரும்புச்சத்து மாத்திரை அட்டையில்
'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதித் தந்தார்.
எந்தச் சாப்பாட்டுக்கு என்று
கேட்க நா எழவில்லை.

வாசலில் பூவன்பழம் ஒன்று வாங்கி
நின்று, மென்று, விழுங்கினேன்.
தோலை எங்கே போடுவதென்று
பார்த்துக்கொண்டிருக்கையில்
போய்விட்டது பஸ்.

ஓடவில்லை.
இன்னொரு பழம் கேட்டேன்.