காதில் மஞ்சள் வில்லை

மூன்று பேருக்கு ஒரு மடிக்கணினி,
அதன் விசிறி டிராக்டர் போல இரையும்.
திபிலீசியின் தெருநாய்களை எண்ணும் நிரல்:
இந்தப் பருவத்துக்கு நாங்கள் எடுத்த செயல்திட்டம்.

நாலாயிரம் படங்கள்.
ஒவ்வொரு நாயையும் சுற்றிக் கட்டம் வரைந்தவள் தெக்லா,
ஒரு கையில் ரொட்டி, மறு கையில் மவுஸ்.
மல்ஹாஸ் நிரல் எழுதினான்.
நான் படமெடுத்தேன். இருமுறை கடிபட்டேன்,
ஒருமுறை நாயிடம்,
ஒருமுறை அதற்குச் சோறு வைக்கும் அம்மாளிடம்.

தொண்ணூற்று நான்கு சதவீதம் வந்த இரவு
பச்சைச் சோடா உடைத்துக் கொண்டாடினோம்.

மறுநாள் விடுதி வாசலில்
நனைந்து நின்ற கறுப்புக் குட்டியைக் காட்டினோம்.
'நாய் இல்லை' என்றது, துளியும் தயங்காமல்.
குட்டி வாலாட்டிக்கொண்டிருந்தது.

தெக்லாதான் கண்டுபிடித்தாள்.
தடுப்பூசி போட்ட நாய்களின் காதில்
மாநகராட்சி மாட்டும் மஞ்சள் வில்லை,
அதை மட்டும் கற்றிருக்கிறது, கள்ளன்!
சோதித்துப் பார்க்க
மல்ஹாஸ் தன் காதில் மஞ்சள் காகிதம் ஒட்டிக்கொண்டு
காமிரா முன் உட்கார்ந்தான்.
நாய். தொண்ணூற்றொரு சதவீதம்.

நிரையும் நிரலுமாய்ப் பிழைகள் அடுக்கிய சதுரத்துக்குக்
குழப்ப அணி என்று பெயர்.
எங்கள் மூவருக்கும் அதையே வைத்துக்கொண்டோம்.

காலை ஆறு மணி. திதுபே சந்தை. ஆலங்கட்டி மழை.
வில்லை இல்லாதவை எங்கே படுக்கும் என்று
முட்டைக்கோஸ் விற்பவரிடம் கேட்கிறோம்.
பேசாமல் லாரிக்கு அடியில் கைகாட்டுகிறார்.
மண்டியிடுகிறேன்.
இருட்டில் இரண்டு கண்கள்,
சுற்றிக் கட்டம் ஏதுமில்லாமல்.