எடைமேடை, ஃபஹூத்

கிணற்றடியில் பதினெட்டு டன் நானூறு.
என் மேடையில் பதினெட்டு டன் இருபது.
முந்நூற்று எண்பது கிலோ
வழியில் இறங்கிப் போயிருக்கிறது.

"வெயில் குடித்துவிட்டது" என்கிறான் இத்ரீஸ்.
சூடான்காரன், அதிகம் பேசமாட்டான்.
தார்ப்பாயைத் தூக்கிக் காட்டுகிறான்:
துளைத்தெடுத்த பாறைத்தூள், டீசல் வாடை,
மேலே பாளம் பாளமாய் வெடித்த சேறு.
நம்பலாம். நாற்பத்தெட்டு டிகிரி.

படிவம் ஐந்து நகல்.
வெள்ளை கம்பெனிக்கு, மஞ்சள் லாரிக்கு,
நீலம் அமைச்சகத்துக்கு, பச்சை எனக்கு.
ரோஸ் யாருக்கென்று
ஆறு வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை.
இழுப்பறையில் போட்டுவைக்கிறேன்.
சில நாள் அதில் டீக்கணக்கு.

பாதையின் நடுவே ஒரு வாதி.
இங்கே அது நீர் மறந்த ஆறு.
எங்கள் ஊர் கோர்ட்டில்
வழக்குப் போட்டவன்.
இது யார்மேலும் போட்டதில்லை.

ஷம்ஸா வந்தாள், அமைச்சக ஜீப்பில்.
சக்கரத்தடத்தின் பக்கமாகவே நடந்தாள்,
நான் குடையோடு பின்னால்.
சொட்டு, சொட்டு, பிறகு
லாரி திணறி ஏறும் இடத்தில்
ஒரு கட்டில் அகலக் கறுப்பு.

எண்ணெய் தொட்ட மண்ணும் கழிவு, இது விதி.
தோண்டி அள்ளி மேடையில் வைத்தோம்.
அறுநூற்று இருபது.
தொலைந்தது முந்நூற்று எண்பது,
கிடைத்தது அறுநூற்று இருபது.
கூடுதலை எழுதக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுது என்றாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்தாள்.
மார்ச் மாத ரோஸ் நகலின் முதுகில்
வலமிருந்து இடமாக நாலு வரி.
வாய்விட்டுப் படித்தாள்:
பின்கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது,
மாற்றித் தாருங்கள், இத்ரீஸ்.
ஏப்ரலில் ஒன்று. மே மாதம் இரண்டு.
மே மாதத்துக் காகிதத்தில்
அவன் எழுத்தின் மேலேயே
என் டீ, பதினொன்று.

"வெயில் என்று ஏன் சொன்னாய்?"
"ரப்பர் என்று சொல்லிப் பார்த்தாயிற்றே."

சாயங்காலம் கையுறைகளைக் கழற்றி
மஞ்சள் டிரம்மில் போட்டோம்.
அதுவும் கழிவு, அதற்கும் படிவம்.
டிரம்மை மேடையில் நிறுத்தினேன்.
இந்த மேடை இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் எண்ணாது.
பூஜ்யம் என்றது.
ஐந்து நகலிலும் பூஜ்யம் எழுதி,
ரோஸ் நகலை மட்டும்
இத்ரீஸ் கையில் கொடுத்தேன், பேனாவோடு.

வெகுநேரம் யோசித்தான்.
திருப்பிக் கொடுத்துவிட்டு
லாரிக்குப் போனான்.