செல்லாதவை

ஐம்பத்தேழில் ஆளுக்கொரு பெட்டி.
சின்னம் ஒட்டிய தகரப் பெட்டிகள்
தேவகோட்டை சப்-கலெக்டர் ஆபீசில்
பெஞ்சு மேல் வரிசையாக.
அரக்கை உடைப்பது சோலையப்பன் வேலை,
நூறு நூறாய்க் கட்டுவது என்னுடையது.

காளைப் பெட்டிக்குள் சீட்டு மட்டுமா இருந்தது?
மாட்டுக்கென்று ஒரு பிடி வைக்கோல்,
விபூதிப் பொட்டலம், காலணா ஒன்று,
நாலாய் மடித்த கோடு போட்ட தாள்:

எங்க தெருவுக்குக் குழாய் வேணும்
ஊருணியில எங்கள இறங்க விடல
நாங்க எல்லாரும் இதுலதான் போட்டிருக்கோம்

பென்சில் எழுத்து. கையெழுத்து இல்லை.
ழ மட்டும் அழித்து அழித்து
தாளே கிழிந்திருந்தது.

அதிகாரியிடம் நீட்டினேன்.
"ஓட்டா?"
"இல்ல சார். மனு."
"அப்ப எதுக்கு எண்ணுறே?"
ஆளுங்கட்சி ஏஜெண்டு தண்ணீர்மலை
(பேர் அதுதான், நான் வைக்கவில்லை)
வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.
வைக்கோலோடு சேர்த்துக் கூட்டினார்கள்.

பினாங்கில் இருந்த முதலாளிமார் சிலருக்கும்
இங்கே ஓட்டு விழுந்திருந்தது.
அதை யாரும் கேட்கவில்லை.

அதே சர்க்கார் திரும்ப வந்தது.
வேட்டுச் சத்தத்தில்
பூட்டிய வீடுகளின் மாடத்திலிருந்து
புறாக்கள் கலைந்து, பிறகு உட்கார்ந்தன.
அடுத்த ஐந்து வருஷத்தில்
குழாயும் வந்தது,
எங்கள் ஆபீஸ் வாசலுக்கு.

அறுபத்திரண்டில் சட்டம் வேறு.
எல்லாருக்கும் ஒரே பெட்டி,
ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும்.
முத்திரை குத்தினால் போதும்.
வைக்கோலுக்கு வேலையில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும்.
பிரித்த ஒரு சீட்டில்
முத்திரை சரியான கட்டத்துக்குள் இருந்தது.
எந்தச் சின்னம் என்று கேட்காதீர்கள்,
சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.
ஓரத்தில் பென்சிலில்
ஒரே ஒரு சொல்: குழாய்.
பென்சிலை மடியில் கட்டிக்கொண்டு
வந்திருக்க வேண்டும்.
ழ இந்தத் தடவை
ஒரே இழுப்பில், அழகாக.

சீட்டில் எழுதினால் ஓட்டு செல்லாது.
என் சட்டைப் பையில் ரப்பர் இருந்தது.
சோலையப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பார்க்காதது போலவும் இருந்தது.

செல்லாதவை கட்டில் வைத்தேன்.

வித்தியாசம் நாலாயிரத்துச் சொச்சம்.
அதே சர்க்கார். அதே வேட்டு.
ஒரு சீட்டால் ஒன்றும் மாறியிருக்காது என்று
சோலையப்பன் சொன்னான்,
நான் கேட்காமலேயே.

வெளியே வந்து குழாயைத் திறந்து
முகம் கழுவினேன்.
தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.